நாள் பார்க்காத திருவிழா

குடும்பத்தோடு வீட்டை விட்டுப் புறப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்த்து, போகுமிடத்து உறவினருக்குக் கடிதம் எழுதி, கட்டுச்சோறு கட்டி, பெட்டி படுக்கைகளை இரண்டு முறை எண்ணி வைத்துக்கொண்டு, வாசலில் சகுனமும் பார்த்துப் புறப்படுவது. மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யாரோ ஒருவர் "போய்விட்டு வரலாமா?" என்று வாயெடுக்க, அந்தக் கேள்வி முடிவதற்குள் குழந்தைகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்க, அடுப்பிலிருந்ததை இறக்கி மூடிவிட்டு, மற்றதையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புறப்படுவது. முதல் வகைப் பிரயாணத்தைப் பற்றி யாத்திரை நூல்கள் உண்டு. மடல்களும் கணக்குப் புத்தகங்களும் உண்டு. இரண்டாவது வகையோ, முன்னேற்பாடு இல்லாமல் தொடங்குவதாலேயே பின்னால் தடயமும் இல்லாமல் போய்விடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நினைத்த மாத்திரத்தில் போவதற்கு, என்றைக்குப் போனாலும் திறந்திருக்கிற ஓர் இடம் வேண்டும். சட்டைப்பையில் தற்செயலாகக் கிடக்கிற காசுக்குள் அங்கே கொண்டு சேர்க்கிற வாகனமும் வேண்டும். இவ்விரண்டும் உலகத்தில் வெகு காலம் சேர்ந்து இருக்கவில்லை. சேர்ந்தபோதும் நெடுங்காலம் பிரியாமல் இருக்கவில்லை.

ஆதியில் வேடிக்கை என்பது நாளோடு பிணைந்தே இருந்தது. நம் ஊர்களில் கொடியேறிய பிறகுதான் குடை ராட்டினமும் வளையல் கடையும் வரும். கொடி இறங்கினால் அவையும் அடுத்த ஊருக்கு வண்டி கட்டிவிடும். ஐரோப்பாவிலும் இதே சம்பிரதாயந்தான். லண்டன் நகரத்து ஸ்மித்ஃபீல்டு மைதானத்தில் 1133-ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்றுத் தொடங்கிய பார்த்தலோமியோ சந்தை, ஆகஸ்டு 24-ஆம் தேதியாகிய அந்தப் புனிதரின் திருநாளை ஒட்டியே ஆண்டுதோறும் கூடிற்று; துணி வியாபாரத்துக்காக ஏற்பட்ட அந்தச் சந்தை காலக்கிரமத்தில் கழைக்கூத்தாடிகளுக்கும் பொம்மலாட்டக்காரர்களுக்கும் உரியதாக மாறி, குடியும் கலகமும் பெருகிவிட்டதென்ற காரணத்தால் 1855-ல் நிறுத்தப்படும் வரையில், எழுநூறு வருஷ காலம் லண்டன் குழந்தைகள் அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கட்டுக்கு அடங்காத சந்தை ஒன்றே ஒன்று இருந்தது. அதை நடத்தியவன் வருணன் என்றே சொல்ல வேண்டும். கடுங்குளிரில் தேம்ஸ் நதி உறைந்துபோகிற அபூர்வமான ஆண்டுகளில், பனிக்கட்டியின் மீதே கடைத்தெரு முளைத்துவிடும். 1683-ஆம் ஆண்டின் முடிவில் தொடங்கிய பெருங்குளிரில், நதியின் மேல் அச்சியந்திரங்களைக் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களின் பெயரை ஒரு சீட்டில் அச்சடித்து ஞாபகார்த்தமாக விற்றார்கள். 1814-ல் சில நாட்களே நிலைத்த கடைசிப் பனிச்சந்தையின்போது, பிளாக்ஃபிரயர்ஸ் பாலத்தின் அருகே ஒரு யானையையே நடத்திக்கொண்டு நதியைக் கடந்தார்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிக்கப்படாத அந்தச் சந்தைக்கு யாரும் முன்கூட்டி ஆயத்தம் செய்துகொண்டிருக்க முடியாது. பனி இறுகிவிட்டது என்ற செய்தி கேட்டவுடன் போனவர்களே அதைக் கண்டார்கள். வேடிக்கையைத் தேதியிலிருந்து பிரித்தெடுத்தால் அது எவ்வளவு ருசிக்கும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி.

வருணனை எதிர்பாராமல் மனிதர் தாமே அவ்வாறு பிரித்தெடுத்த இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு வடக்கே ஒரு காட்டில், 1583-ல் கண்டெடுக்கப்பட்ட நீரூற்று ஒன்றைக் குடித்தால் நோய் தீரும் என்று நம்பி வந்த ஜனங்களைச் சுற்றிக் கடைகளும் கூத்தாடிகளும் சேர்ந்ததிலிருந்து வளர்ந்த பாக்கன், இன்றும் நடந்துவருகிறது. உலகத்தின் மிகப் பழைய கேளிக்கைத் தோட்டம் என்ற பெயர் அதற்கே உரியது. வியன்னாவில் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப், தம் முன்னோர் வேட்டையாடிய பிராட்டர் வனத்தை 1766-ல் சகல ஜனங்களுக்கும் திறந்துவிட்டார். லண்டனில் வாக்ஸ்ஹால் உத்தியான வனம் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றி, ஆயிரக்கணக்கான விளக்குகளாலும் சங்கீதக் கச்சேரிகளாலும் பிரசித்தி பெற்றிருந்தது. ஆனால் அதன் வாயிலில் கேட்கப்பட்ட ஒரு ஷில்லிங், கனவான்களுக்குத்தான் சில்லறையே தவிர, கூலிக்காரன் வீட்டில் கலந்தாலோசித்துச் செலவழிக்க வேண்டிய காசு. கோபன்ஹேகனில் 1843-ல் ஜார்ஜ் கார்ஸ்டென்சன் டிவோலித் தோட்டத்தை நிறுவியபோது, ஜனங்கள் களித்துக்கொண்டிருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்று அரசருக்கு எடுத்துச்சொல்லி அனுமதி பெற்றார் என்பார்கள். இவையெல்லாம் திறந்த இடங்களே. எனினும் நகரத்தின் கடைக்கோடிச் சந்தில் வசிக்கிற குடும்பம், குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு ஒரு நொடியில் தீர்மானித்துப் போவதற்கு வாகனம் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த இரண்டாவது அம்சமும் சேர்ந்து, நினைத்தவுடன் போகிற வழக்கம் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வாய்த்த இடம் நியூயார்க் நகரத்தின் தெற்குப் பக்கத்தில், புரூக்ளின் பகுதி அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தொடுகிற மணல்திட்டு. கோனி ஐலண்ட் என்று அதற்குப் பெயர். அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் அத்தீவில் திரிந்த முயல்களைக் கண்டு அவ்விதம் அழைத்தார்கள் என்பது பலருடைய அபிப்பிராயம். ஒரு காலத்தில் தீவாக இருந்து, இடையிலிருந்த உப்பங்கழியின் ஒரு பகுதி பிற்காலத்தில் தூர்க்கப்பட்டபின் கரையோடு ஒட்டிப்போன அந்த இடத்தில், 1829-ல் முதல் விடுதி ஏற்பட்டது. கவி வால்ட் விட்மன் தம் இளமையில் ஆளரவமற்ற அந்த மணலில் தனியே உலாவி, அலைகளைச் சபையோராக வைத்துக் காவியங்களைப் படித்துக்காட்டினார். அந்த ஏகாந்தம் நீராவி ரயில் வருகிற வரையில்தான். 1870-களில் தண்டவாளங்கள் பெருகியதும், தீவின் கிழக்குப் பக்கத்தில் தனவந்தர்களுக்கான மாபெரும் ஓட்டல்கள் எழுந்தன. மேற்குக் கோடியோ சூதாடிகளுக்கும் முடிச்சவிழ்ப்பவர்களுக்கும் புகலிடமாயிற்று. இரண்டுக்கும் நடுவிலிருந்த கடற்கரை, தனவந்தரும் அல்லாத சூதாடியும் அல்லாத சாமானிய ஜனங்களுக்கு எனக் காலி கிடந்தது போலும்.

அந்த நடுப்பகுதியில் 1884-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் ஒரு விசித்திர ரயிலை அமைத்தார். உயரமான மேடையில் ஏறிப் பலகையில் அமர்ந்தால், மேடும் பள்ளமுமாக அமைந்த தண்டவாளத்தில் வண்டி தன் பாரத்தாலேயே உருண்டு மறுகோடிக்குப் போகும். அங்கே பிரயாணிகள் இறங்கி நிற்க, ஆட்கள் அதை அடுத்த தண்டவாளத்தின் உச்சிக்குத் தள்ளிவிட, மறுபடி ஏறி வந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மணிக்கு ஆறு மைல் வேகந்தான். இன்று சைக்கிளில் போகிற சிறுவன் கூட அதைப் பார்த்துச் சிரிப்பான். ஆயினும் இன்றைய ரோலர் கோஸ்டர்களுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத்தக்க அந்த வண்டியில் ஏற ஜனங்கள் முண்டியடித்தார்கள். முதலீடு செய்த பணம் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டது என்கிறார்கள். ஏறுகிறவரிடம் அவர் வாங்கியது ஐந்து சென்ட். அமெரிக்காவில் 'நிக்கல்' என்று வழங்கும் இந்தச் சிறு காசைத்தான் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கோனி ஐலண்டின் சரித்திரம் முழுவதும் அந்தக் காசைச் சுற்றியே சுழல்கிறது. வீட்டில் யாரையும் கேட்காமல் எடுத்துச் செலவழிக்கக்கூடிய காசு அது.

இதன்பின் வந்தவர்களில் ஜார்ஜ் டில்யூ என்பவரைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவர் 1893-ல் புது மனைவியோடு சிகாகோ நகரத்து உலகக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, ஃபெரிஸ் என்ற இன்ஜினீயர் அங்கே நிர்மாணித்திருந்த 264 அடி உயரமுள்ள ராட்சதச் சக்கரத்தைக் கண்டார். ஒரே சமயத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் சுழன்ற அந்தச் சக்கரத்தை விலைக்கு வாங்க முயன்று, அது கைகூடாமற்போகவே, அதில் பாதியளவுள்ள மற்றொன்றுக்குச் சொல்லிவிட்டு ஊர் திரும்பி, வெறும் மணலில், உலகத்திலேயே மிகப் பெரிய சக்கரம் இங்கே எழப்போகிறது என்று பலகை எழுதி நட்டார். 1895-ல் நீச்சல் வீரர் பால் பாய்ட்டன் தமது விநோதங்களைச் சுற்றி வேலியடைத்து, வாயிலில் பிரவேசக் கட்டணம் வாங்கத் தொடங்கியதைக் கண்ட டில்யூ, 1897-ல் ஸ்டீபிள்சேஸ் பார்க் என்ற தம் தோட்டத்தையும் வேலிக்குள் அமைத்தார். மரக்குதிரைகளின் மேல் இருவர் இருவராக அமர்ந்து சரிவான தண்டவாளத்தில் பந்தயம் போவதே அங்கே தலையாய வேடிக்கை. வேலி என்றவுடன் கதவடைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ரௌடிகளை வெளியே நிறுத்தியதால், குழந்தைகளோடும் பாட்டியோடும் வருகிற குடும்பங்கள் யோசனையின்றி உள்ளே வரலாயின. 1907 ஜூலையில் அத்தோட்டம் எரிந்து சாம்பலானபோது, மறுநாளே டில்யூ வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டு, புகைந்துகொண்டிருந்த இடிபாடுகளைப் பார்க்கப் பத்து சென்ட் கட்டணம் விதித்தார். திரும்பக் கட்டுகையில், இரும்பும் கண்ணாடியும் கொண்டு பல ஏக்கர் பரப்பில் ஒரு மாபெரும் கூரையை அமைத்து, பெரும்பாலான விளையாட்டுகளை அதன் அடியில் கொண்டுவந்தார். முன்பதிவு என்ற பேச்சே இல்லாத வியாபாரத்தில், இன்று எத்தனை பேர் வருவார்கள் என்பதை வானத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை ஒரு வாரத்து வருமானத்தைக் கரைத்துவிடும். ஜனங்களுக்குச் சுதந்திரமாக இருந்த அதே விஷயம் முதலாளிக்குச் சூதாட்டமாக இருந்தது; டில்யூவின் கண்ணாடிக் கூரை அந்தச் சூதாட்டத்தில் அவர் பிடித்த குடை.

பாய்ட்டனின் தோட்டம் இருந்த இடத்தில், தாம்சன், டண்டி என்ற இருவர் 1903 மே மாதம் 16-ஆம் தேதி இரவு லூனா பார்க்கைத் திறந்தார்கள். இந்தத் தாம்சன் வேறு, பெயர் ஃபிரெடரிக். இரண்டரை இலட்சம் மின்விளக்குகள் ஏககாலத்தில் எரிந்தன. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தவர்கள் பத்து சென்ட் கொடுத்து அந்த ஒளிக்குள் நுழைந்தார்கள். மின்சாரம் செய்த உபகாரம் அலங்காரத்தோடு நிற்கவில்லை. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவன், சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு குடும்பத்தோடு போய்வருவதற்கு இரவு என்ற புதிய வேளையே உண்டாயிற்று. மறுவருஷம் அதற்குப் போட்டியாக எழுந்த டிரீம்லாண்ட், 1911 மே 27-ஆம் தேதி விடிவதற்கு முன்னே, 'நரகவாசல்' என்ற பெயருடைய விளையாட்டைச் செப்பனிடும்போது பற்றிய தீயில் முழுவதும் அழிந்தது. அங்கே விநோதங்களோடு விநோதமாக, குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பாற்றும் கூடமும் நடந்தது. மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் நாற்பது வருஷம் கோனி ஐலண்டில் இதை நடத்தி, பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கட்டணத்திலிருந்தே ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். ஆஸ்பத்திரிகள் கைவிட்ட உயிர்களை, ராட்டினம் சுற்றப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்களின் சில்லறை காப்பாற்றிற்று. 1906-ல் அங்கே வந்த ருஷ்ய எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கி, தூரத்திலிருந்து கண்ட விளக்குகளின் அழகில் மயங்கினாலும், அருகே வந்தபின் எல்லாமே சலிப்பு என்று கட்டுரை எழுதினார். சலிப்பைக் காண்பதற்கும் அவர் வெகு தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

இக்காலத்தில் அமெரிக்காவின் மற்ற நகரங்களிலும் டிராம் கம்பெனிகள் தங்கள் பாதையின் கடைக்கோடியில் கேளிக்கைத் தோட்டங்களை அமைத்தன. மின்சாரத்துக்கு மாதந்தோறும் அவர்கள் கொடுத்த தொகை பெரும்பாலும் மாறாதது. ஆகவே விடுமுறை நாட்களில் வண்டிகள் காலியாக ஓடினால் நஷ்டம். போவதற்கு ஓர் இடம் இருந்தால் ஜனங்கள் ஏறுவார்கள் என்று கண்டு, நகரத்துக்கு வெளியே மரநிழலில் ஒரு குளத்தையும் குதிரை ராட்டினத்தையும் அமைத்துவிட்டார்கள். பிட்ஸ்பர்க் நகரத்தருகே இன்றும் இருக்கிற கென்னிவுட் அவ்விதம் தோன்றியதே. தோட்டத்துக்காக டிராம் அல்ல, டிராமுக்காகவே தோட்டம்.

ஆனால் சிகரம் கோனி ஐலண்ட்தான். அதுவரை பத்து சென்ட் கேட்ட ரயில், 1920-ஆம் வருஷம் முதல் ஐந்தே சென்ட்டுக்குக் கடற்கரையில் கொண்டு இறக்கலாயிற்று. இதன் அருமை விளங்க, நியூயார்க்கின் ஏழை வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். காற்றுப் புகாத அறைகளில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து வசித்த அந்த மாடிவீடுகளில் கோடைகாலம் சாட்சாத் சூளைதான். 1896 ஆகஸ்டில் அடித்த வெப்ப அலையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். ராத்திரிகளில் மொட்டை மாடியிலும் தீப்பிடித்தால் இறங்குவதற்கென்று சுவரில் பொருத்திய இரும்புப் படிகளிலும் படுத்துக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில், இன்றைக்குக் கடற்கரைக்குப் போகலாமா வேண்டாமா என்ற தீர்மானத்தைத் தகப்பனும் செய்யவில்லை, தாயும் செய்யவில்லை, வெப்பமானியே செய்தது. விடியும்போதே சுவர் சுட்டால், ரொட்டியையும் அவித்த முட்டையையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ரயிலடிக்கு நடக்க வேண்டியதுதான். கடற்கரைக் குளியல் கூடங்களில் உடைமாற்றக் கட்டணம் உண்டு என்பதற்காக, நீச்சல் உடையை வீட்டிலேயே அணிந்து அதன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்கள் ஏராளம். திடீர்ப் புறப்பாட்டுக்கென்று ஒரு சீருடை இருந்தது என்றால் அது இதுதான்.

கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் பத்து இலட்சம் பேர் கூடினார்கள் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. மணல் கண்ணுக்குத் தெரியாத அளவு மனிதத் தலைகளால் நிறைந்த அக்கடற்கரையை 1940-ல் வீஜீ என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். கோனி ஐலண்டுக்கு 'நிக்கல் சாம்ராஜ்யம்' என்றே பெயர் வழங்கியது. சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஜெர்மானியர் நீள ரொட்டிக்குள் இறைச்சியைப் பொதிந்து விற்கத் தொடங்கியிருந்த பண்டத்தை, அவர் பெயரிலான உணவகத்தில் வேலை பார்த்த நேதன் ஹாண்ட்வெர்க்கர் 1916-ல் தனிக்கடை போட்டு, அந்த உணவகத்து விலையான பத்து சென்ட்டில் பாதிக்கே கொடுத்தார். 1923-ல் கடலோரமாக மரப்பலகை நடைபாதை அமைந்து, ஒரு காசும் இல்லாதவன் கூட நாள் முழுதும் வேடிக்கை பார்த்து நடக்க வழி உண்டாயிற்று. 1920-ல் எழுந்த 150 அடி உயர வொண்டர் வீலும், 1927 ஜூன் 26-ஆம் தேதி ஓடத் தொடங்கிய சைக்ளோன் என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டரும் இன்றளவும் இயங்குகின்றன. போக ஐந்து, வர ஐந்து, பசிக்கு ஐந்து. இந்தக் கணக்கு எளிதாக இருந்த வரையில் யோசனைக்கு இடமே இருக்கவில்லை.

நினைத்தவுடன் போகலாம் என்ற இந்தச் சௌகரியம் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைத்தது என்று சொன்னால் அது பொய்யாகும். அமெரிக்காவின் பல கேளிக்கைத் தோட்டங்கள் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. விளம்பரப் பலகையைக் கண்டு ஆசைப்பட்ட குழந்தைக்கு என்ன சமாதானம் சொல்வதென்று தெரியாமல் தவித்த பெற்றோர் கணக்கற்றோர். வாஷிங்டன் நகரத்தை அடுத்த கிளென் எக்கோ என்ற டிராம் தோட்டத்தில், 1960-ஆம் வருஷக் கோடையில் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் குதிரை ராட்டினத்தில் ஏறி அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்த பிறகு, மறுவருஷம் கதவு திறந்தது. பால்டிமோர் நகரத்து க்வின் ஓக் தோட்டத்தில் தடை நீங்கிய நாள் 1963 ஆகஸ்டு 28. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தம் புகழ்பெற்ற பிரசங்கத்தைச் செய்த அதே தினம். அன்று பதினொரு மாதக் கறுப்பினக் குழந்தை ஒன்றைத் தகப்பன் அந்த ராட்டினக் குதிரையின் மேல் பிடித்து உட்கார வைத்தார். அந்த ராட்டினம் பிற்பாடு வாஷிங்டன் தேசிய மைதானத்துக்கே கொண்டுவரப்பட்டது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலில் ஒரு நிமிஷத்தில் செய்த தீர்மானத்தை, இவர்கள் பல வருஷப் போராட்டத்தால் பெற வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வாகனம் மாறிற்று. ரயிலின் இடத்தில் சொந்த மோட்டார் வந்ததும், திடீர்ப் புறப்பாடு ரயில் முனையத்தை விட்டு நெடுஞ்சாலையோரத்துக்குக் குடிபெயர்ந்தது. கலிபோர்னியாவில் வால்ட்டர் நாட் என்ற விவசாயி சாலையோரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தார். பொருளாதார மந்தத்தின் நடுவே, 1934-ஆம் ஆண்டில் அவர் மனைவி கார்டீலியா, தம் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழி வறுவல் சாப்பாடு பரிமாறினார். விலை 65 சென்ட். செய்தி பரவி, காரில் உலாவப் புறப்பட்ட குடும்பங்களெல்லாம் அங்கே வந்து நிற்கவே, சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. பசியோடு காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று, 1940-ல் நாட் பழைய சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றைப் போல வீதியும் மதுக்கடையும் சமைக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் தீம் பார்க் என்று பெயர் பெற்ற ஒரு பெரிய ஸ்தாபனம் இப்படி, காத்திருப்பவர்களின் உபசாரமாகத் தோன்றியது. 1968 வரையில் அதைச் சுற்றி வேலியும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

அங்கிருந்து சில மைல் தூரத்திலேதான் வால்ட் டிஸ்னி தம் தோட்டத்தை அமைத்தார். அதன் வித்தும் ஓர் ஓய்வு நாள் உலாவலில் விழுந்ததே. லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் தம் இரண்டு பெண்களும் குதிரை ராட்டினம் சுற்றுகையில், பெஞ்சியில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த அவருக்கு, பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்தே களிக்கக்கூடிய இடம் ஒன்று இல்லையே என்ற எண்ணம் உண்டாயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு வாசல் வைக்க அவர் உத்தேசித்தபோது, பழைய தோட்டங்களின் முதலாளிகள் அது நெரிசலை உண்டாக்கும் என்று எச்சரித்தார்கள், அவர் கேட்கவில்லை. ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து 160 ஏக்கரில், ஒரே வருஷத்தில், ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர் செலவில் எழுந்த டிஸ்னிலாண்ட், 1955 ஜூலை 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அழைப்பிதழ் பெற்றவர்களுக்கு மட்டும் திறக்கப்பட்டது. ஆனால் கள்ளச்சீட்டுகளோடு வந்தவர்களும் சேர்ந்து, எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு கூட்டம் நுழைந்துவிட்டது. ஒருவன் வேலியில் ஏணி சார்த்தி ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தான் என்றும் சொல்வதுண்டு. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிச்செருப்புகளைப் பிடித்துக்கொண்டது. அழையாமல் நினைத்தவுடன் வந்துவிடுகிற பழைய வழக்கம், புதிய வாசலில் கடைசி முறையாக முட்டிப் பார்த்தது என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஏனெனில் அதன்பின் நடந்ததெல்லாம் தேதி திரும்பி வந்த கதை. முதலில் வாயிலுக்கு ஒரு டாலரும் உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டும் என்று இருந்தது. சீக்கிரத்திலேயே தர வரிசைப்படுத்திய சீட்டுப் புத்தகம் வந்தது. 1982-ல் அது ஒழிந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெருந்தொகை என்றாயிற்று. நாள் முழுதும் தங்காவிட்டால் பணம் வீண் என்ற நினைவு அந்தக் கணத்தில் பிறந்தது. ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்பது பைத்தியக்காரத்தனமாகிவிட்டது. 1999-ல், இந்த விளையாட்டுக்கு இன்ன மணியிலிருந்து இன்ன மணிக்குள் திரும்பி வாருங்கள் என்று அச்சடித்துக் கொடுக்கும் சீட்டு புகுந்து, தேதியின் குட்டியாகிய மணியும் உள்ளே வந்தது. 2016 முதல் கூட்டம் மிகுந்த நாளுக்கு ஒரு விலை, குறைந்த நாளுக்கு வேறு விலை. 2020-ல் கொள்ளைநோய்க்குப் பின் ஃபுளோரிடாவில் டிஸ்னி தோட்டங்களைத் திறந்தபோது, சீட்டு வாங்கியவரும் இன்ன நாள் வருகிறேன் என்று முன்கூட்டிப் பதிவு செய்தாலொழிய உள்ளே விட மாட்டோம் என்றார்கள். நிர்வாகிகளைக் குறை கூறிப் பயனில்லை. டில்யூ கண்ணாடிக் கூரையால் தடுக்க முயன்ற அதே நிச்சயமின்மையை இவர்கள் கணக்கால் தடுக்கிறார்கள். வரிசையில் நின்று கால் கடுத்தவர்களும் அதை வரவேற்கவே செய்தார்கள். ஆனால் முடிவு என்னவென்றால், திருநாளிலிருந்து விடுபட்டு மூன்று நூற்றாண்டுகள் வளர்ந்த வேடிக்கை, மறுபடி முகூர்த்தம் பார்த்துப் போகிற காரியமாயிற்று. மாதக்கணக்கில் முன்னதாகத் தீர்மானிப்பவர்களுக்கு, அன்று காலை குழந்தைக்கு ஜுரம் கண்டாலும் போயே தீர வேண்டியிருக்கிறது.

கோனி ஐலண்டில் லூனா பார்க் 1944-ல் தீக்கிரையாயிற்று; ஸ்டீபிள்சேஸ் 1964-ல் மூடப்பட்டது. ரயில் கட்டணம் ஐந்து சென்ட்டை விட்டு 1948-லேயே உயர்ந்துவிட்டது. எனினும் கடற்கரைக்கு இன்றும் வாசல் இல்லை. நடைபாதைக்குச் சீட்டு இல்லை. விளையாட்டுகளில் பல தனித்தனியே காசு கொடுத்து ஏறத்தக்கவை. வொண்டர் வீலின் இரும்புச் சக்கரம் ஒரு நூற்றாண்டைக் கடந்து சுழல்கிறது. 1977 ஜூலையில் நகரம் முழுவதும் மின்சாரம் நின்று போனபோது, உயரத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களைச் சக்கரத்தைக் கையாலேயே சுழற்றிக் கீழே இறக்கினார்கள்.

அந்தச் சக்கரத்தை வாங்கிய ஒருவரின் கதையோடு முடிக்கலாம். கிரேக்க நாட்டிலிருந்து வந்து தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்ற டெனோஸ் வூர்டெரிஸ், 1948-ல் தாம் விரும்பிய பெண்ணிடம், என்னை மணந்துகொண்டால் இந்தச் சக்கரத்தையே உனக்கு வாங்கித் தருவேன் என்று வாக்களித்தார். 1983-ல்தான் அதை நிறைவேற்ற முடிந்தது. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து ஒரு குடும்பம் வாங்கிய அந்தச் சக்கரத்தில், காலையில் எழுந்தபோது இங்கே வருவோம் என்று தமக்கே தெரிந்திராத குடும்பங்கள், காலில் ஒட்டிய ஈர மணலோடு ஏறி உட்காருகின்றன.